போட்டிக்கு எந்தக் கொன்ட்ரோலர்? முள்ளியவளைத் தம்பியின் கேள்விக்கு

முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர் வீட்டுக் கணினியில் டெக்கன் 8 சண்டை விளையாட்டையும் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. உதைபந்தாட்டத்தையும் பழகி வருகிறார். கொழும்பில் நடக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறார். கையில் இருக்கும் மலிவான கொன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தொடாமலே ஒரு பக்கமாக இழுக்கிறது. கனடாவில் இருக்கும் சித்தப்பா நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். 'போட்டிக்குச் சிறந்த கொன்ட்ரோலர் எது?' என்று கேள்வி முடிகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு. சித்தப்பாவிடம் ஒருமுறைதான் கேட்கலாம். அப்படி வாங்குவது போட்டி மேசையில் காலை வாராமலும் இருக்க வேண்டும், எங்கள் ஊரின் தூசியிலும் வெக்கையிலும் சில ஆண்டுகள் நின்றுபிடிக்கவும் வேண்டும். அப்படிப்பட்டது எது என்பதுதான் தம்பி கேட்பது. கிளிநொச்சியில் கைபேசிகளோடு கொன்ட்ரோலர்களையும் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். ஊர்ப் போட்டிகளில் மேசை பொறுப்பாகவும் நிற்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் பழக்கம் சண்டை விளையாட்டிலும் உதைபந்தாட்டத்திலும்தான். சுடும் விளையாட்டுகளைப் பற்றிக் குறைவாகவே பேசுவேன்.

தம்பி முதலில் கேட்க வேண்டியது கடைக்காரரிடம் அல்ல, போட்டி ஏற்பாட்டாளரிடம். எந்த இயந்திரத்தில் போட்டி, சொந்தக் கொன்ட்ரோலர் கொண்டுவரலாமா, வயர் கட்டாயமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கணினியில் பழகிவிட்டு, மண்டபத்தில் பிளேஸ்டேஷன் 5 முன்னால் போய் உட்கார்ந்து, கொண்டுவந்த கொன்ட்ரோலர் இணையாமல் திகைத்து நிற்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பிஎஸ்5-க்கென்று வெளிவந்த விளையாட்டுகளுக்கு, 2020 இல் அந்த இயந்திரத்தோடு வந்த டுவல்சென்ஸோ, பிஎஸ்5-க்கென்று அனுமதி பெற்ற வேறொரு கொன்ட்ரோலரோ வேண்டும். 2013 இல் பிஎஸ்4 உடன் வந்த டுவல்ஷொக் 4 அதில் இணையும், ஆனால் பிஎஸ்4 விளையாட்டுகளுக்கு மட்டுமே பயன்படும். டெக்கன் 8 பிஎஸ்4-க்கு வெளிவரவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சில சண்டை விளையாட்டுகள் பழைய பிஎஸ்4 ஆர்கேட் ஸ்டிக்குகளை (லிவரும் பெரிய பொத்தான்களும் கொண்ட பெட்டிகள்) பிஎஸ்5 இலும் ஏற்கும். அந்தச் சலுகை சாதாரணக் கொன்ட்ரோலருக்குக் கிடையாது. எக்ஸ்பொக்ஸ் என்றால் புளூடூத்தில் மட்டும் இணையும் கொன்ட்ரோலர்கள் எதுவும் வேலை செய்யாது. அதோடு 2023 நவம்பர் முதல் அனுமதி பெறாத துணைக்கருவிகளை அந்த இயந்திரம் தடுத்துவிடுகிறது. கணினி மட்டும்தான் ஏறக்குறைய எதையும் ஏற்கும். ஆகவே ஏற்பாட்டாளரின் பதில் வருமுன் சித்தப்பாவிடம் எந்தப் பெயரையும் சொல்லாதீர்கள்.

இனி அந்த இழுக்கும் ஸ்டிக். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் மேசைக்கு வரும் கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். சாதாரண ஸ்டிக்கின் அடியில் இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடம் வலத்தை அளக்கும், மற்றது மேல் கீழை அளக்கும். உள்ளே ஒரு கரித்தடத்தின் மேல் மெல்லிய உலோக நாக்கு உரசியபடி நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது. அதை வைத்துத்தான் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சிப் கணக்கிடுகிறது. நாளடைவில் கரித்தடம் தேய்கிறது, தேய்ந்த பொடி உள்ளேயே தங்குகிறது. அதோடு மழை ஓய்ந்து தை கழிந்ததும் வன்னியில் கிளம்பும் தூசியும் சேர்ந்துகொள்கிறது. முல்லைத்தீவுப் பக்கமாக இருந்தால் உப்புக் காற்று வேறு. பிறகு, கையை எடுத்தாலும் நாக்கு சொல்லும் மின்னழுத்தம் நடுவுக்குத் திரும்புவதில்லை. எல்லோரும் ட்ரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான். உதைபந்தாட்டம் விளையாடுபவர்களின் கொன்ட்ரோலர்களில் இடது ஸ்டிக்கும், ஓடுவதற்காகச் சுட்டுவிரலால் அழுத்திப் பிடிக்கும் வலது டிரிகரும்தான் முதலில் போகின்றன. ஆட்டம் முழுவதும் ஸ்டிக்கை விளிம்போடு விளிம்பாகத் தள்ளிப் பிடித்தால் வேறென்ன நடக்கும்?

இப்போது கையில் இருப்பதைத் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம். விண்டோஸில் விளையாட்டுக் கருவிகளைச் சோதிக்கும் சிறிய பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, ஸ்டிக்கைப் பல திசைகளில் சாய்த்துவிட்டு விடுங்கள். புள்ளி ஒவ்வொரு தடவையும் நடுவுக்கு அருகில் வந்து நிற்கிறதா, இல்லை வெவ்வேறு இடங்களில் நிற்கிறதா என்று பாருங்கள். சற்றே விலகி ஒரே இடத்தில் நின்றால், விளையாட்டின் அமைப்புகளில் டெட் ஸோனை (நடுவைச் சுற்றி அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) கொஞ்சம் கூட்டிப் பயிற்சியைத் தொடரலாம். புள்ளி நடுங்கினால் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மின்தொடர்புகளைத் துப்புரவாக்கும் ஸ்பிரே அடித்தால் சில நாட்களோ வாரங்களோ நன்றாக இருக்கும், பிறகு நோய் திரும்பும். அதைத் திருத்தம் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்த நோய்க்குத் தீர்வாகத்தான் காந்தத்தில் இயங்கும் ஸ்டிக்குகள் வந்திருக்கின்றன. எட்வின் ஹோல் 1879 இல் கண்டுபிடித்த விளைவின் பெயரால் அவற்றை ஹோல் எஃபெக்ட் என்கிறார்கள். ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறு காந்தம் அசைய, எதையும் தொடாமல் ஒரு சென்சர் அதன் நிலையை அறிகிறது. புதுமை என்று விற்கிறார்கள், ஆனால் 1998 இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கொன்ட்ரோலரிலேயே இது இருந்தது. இப்போது டி.எம்.ஆர். என்ற இன்னொரு காந்தச் சென்சரும் பரவி வருகிறது. அது ஹோல் சென்சரைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், பழைய ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்துவதற்கு வசதியானது. இரண்டிலும் கரித்தடம் இல்லை, ஆகவே கரித்தடம் தேயும் நோயும் இல்லை. இது உறுதி. 'வாழ்நாள் முழுவதும் ட்ரிஃப்ட் வராது' என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளரும், பிளாஸ்டிக் தேயும், தொழிற்சாலையிலேயே நடுப்புள்ளி சரியாக அமைக்கப்படாமல் வருவதும் உண்டு. ஆனாலும் எங்கள் காற்றுக்கும் மண்ணுக்கும் காந்த ஸ்டிக்தான் ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விலையுயர்ந்த 'ப்ரோ' வகைகளைப் பற்றித் தம்பி ஆசையோடு எழுதியிருக்கிறார். 2019 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் எலீட் சீரிஸ் 2 அறிமுகமானபோது 179.99 அமெரிக்க டொலர். 2023 இல் வந்த டுவல்சென்ஸ் எட்ஜ் அறிமுகமானபோது 199.99 டொலர். இரண்டின் ஸ்டிக்கிலும் இருப்பது அதே கரித்தடப் பொட்டென்ஷியோமீட்டர்தான். எட்ஜில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: ஸ்டிக் பகுதியைச் சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) இல்லாமல் கழற்றி மாற்றலாம். ஆனால் அந்தப் பகுதியையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். மறுபக்கம், 8பிட்டூ நிறுவனத்தின் அல்டிமேட் 2சி வயர்லெஸ் 29.99 டொலருக்கு வந்தது. அதில் ஹோல் ஸ்டிக் இருக்கிறது; யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு வயர்லெஸ் துண்டான டொங்கிளிலும் வயரிலும் செக்கனுக்கு 1000 தடவை தகவல் அனுப்பும்; ஆனால் கணினிக்கும் அண்ட்ரொய்டுக்கும் மட்டுமே, பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பொக்ஸிலோ வேலை செய்யாது. எக்ஸ்பொக்ஸுக்கும் கணினிக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் கேம்சேர் ஜி7 எஸ்ஈ என்ற, ஹோல் ஸ்டிக் கொண்ட, அனுமதி பெற்ற வயர் கொன்ட்ரோலர் இருக்கிறது. இலங்கை ரூபாய் விலையை நான் எழுதவில்லை. டொலர் அசைந்தால் அதுவும் மாறிவிடும். வயலுக்கு லாண்ட் மாஸ்டர் வாங்குபவர், உதிரிப்பாகம் எந்தச் சந்தியில் கிடைக்கும், கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் யார் என்று முதலில் விசாரிப்பார் அல்லவா? கொன்ட்ரோலருக்கும் அதுதான் என் அளவுகோல். கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பழுதானால் கொரியரில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் போட்டியாளருக்கு உதவாது.

1000 ஹெர்ட்ஸ் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கணக்கைப் பார்ப்போம். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி செக்கனுக்கு ஒருமுறை கொன்ட்ரோலரின் நிலை வாசிக்கப்படுகிறது. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி செக்கனுக்கு ஒருமுறை. பொத்தானை அழுத்தும் தருணம் இரண்டு வாசிப்புகளுக்கு இடையே எங்கேயும் விழலாம் என்பதால், சராசரிக் காத்திருப்பு அந்த இடைவெளியின் பாதி. ஆகவே இரண்டுக்கும் உள்ள சராசரி வேறுபாடு மூன்றரை மில்லி செக்கன். டெக்கன் 8 செக்கனுக்கு 60 பிரேமில், அதாவது 60 தனிப் படங்களாக, ஓடுகிறது, ஒரு பிரேம் ஏறத்தாழ 16.7 மில்லி செக்கன். இந்த எண்களில் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த மூன்றரை மில்லி செக்கனைக் கை உணருமா, அது வெற்றியைத் தருமா என்பதில்தான் நல்ல ஆட்டக்காரர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. என் எண்ணத்தில், எங்கள் பிள்ளைகள் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. வீட்டு டிவியில் கேம் மோட் போடாமல் விளையாடினால், படத்தை மெருகூட்டும் வேலைக்காகவே பல டிவிகள் 50 மில்லி செக்கனுக்கும் மேல் தாமதிக்கின்றன. மூன்று பிரேம் அங்கேயே போய்விடுகிறது. ரிமோட்டை எடுத்து அந்த மோடை மாற்ற ஒரு சதமும் செலவில்லை. அதைச் செய்த பிறகு கொன்ட்ரோலரின் ஹெர்ட்ஸைப் பற்றிப் பேசலாம்.

வயரா, வயர்லெஸ்ஸா என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. போட்டிக்கு வயர்தான். நல்ல டொங்கிள் கொண்ட வயர்லெஸ் கொன்ட்ரோலர் வீட்டில் வயருக்குச் சமமாகவே வேலை செய்யும். ஆனால் மண்டபம் வேறு. புளூடூத்தும் டொங்கிள்களும் பல வைஃபைகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைபேசி இருக்கும் இடத்தில் அந்தப் பகுதி நெரிசலாகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு: முந்தைய ஆட்டக்காரரின் கொன்ட்ரோலர் அந்த இயந்திரத்தோடு இன்னும் இணைந்தே இருந்து, அவர் தவறுதலாகப் பொத்தானைத் தொட, உங்கள் ஆட்டம் நடுவில் நின்றுவிடும். ஆட்டத்தை நிறுத்தியவர் அந்தச் சுற்றை இழக்க வேண்டும் என்பது பல சண்டை விளையாட்டுப் போட்டிகளின் விதி. வயர் வாங்கும்போது கவனியுங்கள், மலிவான யூ.எஸ்.பி. வயர்கள் பலவற்றில் மின்சாரம் மட்டுமே போகும், தகவல் போகாது. கொன்ட்ரோலர் சார்ஜ் ஆவதைக் கண்டு வயரில் விளையாடுகிறோம் என்று நினைத்திருப்பீர்கள், அது புளூடூத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிஎஸ்5 இல் துணைக்கருவிகளுக்கான அமைப்புகளுக்குள் போய், தொடர்பு முறையை யூ.எஸ்.பி. வயர் என்று மாற்றவும் வேண்டும். வயர் 3 மீற்றர் நீளமாக இருந்தால் மேசையின் எந்தப் பக்கம் உட்கார வைத்தாலும் பிரச்சினை இல்லை.

விளையாட்டுக்கேற்ற கையமைப்புக்கு வருவோம். டெக்கனுக்கு முக்கியமானது டி-பேட், அதாவது பெருவிரலுக்கான திசைப் பொத்தான்கள். பின்னோக்கிய தாவலை அடுக்கடுக்காகச் செய்ய, பெருவிரல் ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக அழுத்தி விடுவிக்க வேண்டும். டுவல்சென்ஸில் நான்கு திசைகளும் பிரிந்து நிற்கின்றன. எக்ஸ்பொக்ஸின் புதிய கொன்ட்ரோலரில் ஒரே தட்டாக இருக்கிறது. எனக்குப் பிரிந்ததே பிடிக்கும், ஆனால் இது விரலைப் பொறுத்தது. யாரிடமாவது வாங்கி இரண்டிலும் ஒரு மாலை விளையாடிப் பாருங்கள். உதைபந்தாட்டத்துக்கு இடது ஸ்டிக்கின் ஒழுங்கும் டிரிகரின் உறுதியும் போதும். டுவல்சென்ஸின் டிரிகர் எதிர்ப்பையும் அதிர்வையும் அணைத்துவிடுங்கள். போட்டியில் அவற்றால் பயனில்லை. வயரில்லாமல் பழகும்போது பற்றரியாவது மிஞ்சும். பின்புறப் பொத்தான்கள் உதைபந்தாட்டத்துக்கு ஓரளவு உதவும், டெக்கனுக்குத் தேவையில்லை. ஒரு பொத்தானுக்கு ஒரே கட்டளை என்று அமைத்தால் பொதுவாக அனுமதிப்பார்கள். பல கட்டளைகளை ஒரே பொத்தானில் பதிவுசெய்யும் மக்ரோவும், தானாக அடிக்கும் டர்போவும் தடை. அந்த வசதி கொன்ட்ரோலரில் இருந்தாலே மறுக்கும் ஏற்பாட்டாளர்களும் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். லிவர் இல்லாத, பொத்தான்கள் மட்டுமே கொண்ட பெட்டிகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்று அவற்றுக்குத் தனி விதிகளே இருக்கின்றன. கெப்கொம் நிறுவனம் தன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் தொடர் போட்டிகளுக்கு 2023 இல் அந்த விதியை மாற்றியது. போட்டி நெருங்கும் நேரத்தில் அப்படியொரு புதுக் கருவிக்கு மாறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். விரல் முழுவதும் புதிதாகப் பழக வேண்டும்.

பழக்கத்துக்கு என்ன பலம் என்று கேட்டால், லாஸ் வேகாஸில் 2014 இல் நடந்த, சண்டை விளையாட்டுகளின் பெரிய போட்டியான ஈவோவை எண்ணிப் பாருங்கள். அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 இல் வென்ற பிரான்ஸ் ஆட்டக்காரர் லஃபியின் கையில் இருந்தது முதலாவது பிளேஸ்டேஷனின் பழைய கொன்ட்ரோலர். சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலோர் பெரிய ஆர்கேட் ஸ்டிக்குகளோடு வந்திருந்தார்கள். எங்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். 2019 இல் ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸ் ஈவோவையும் ஒரே ஆண்டில் டெக்கன் 7 இல் வென்றார். அவருக்கு முன் பாகிஸ்தானின் டெக்கனை உலகம் பெரிதாகக் கவனித்ததில்லை. அங்கே உள்ளூர்க் கடைகளில் ஒருவரோடொருவர் தோளோடு தோள் உட்கார்ந்து விளையாடி வளர்ந்தவர்கள் அவர்கள். புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் டெக்கன் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கே பலரைத் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி ஒரு வீட்டில் கூடினால், எந்தக் கொன்ட்ரோலரும் தராத பயிற்சி கிடைக்கும்.

வாங்கும்போது போலிகளிடம் கவனம் வேண்டும். டுவல்ஷொக் 4, டுவல்சென்ஸ் இரண்டுக்கும் போலிகள் நிறைய உலவுகின்றன. டச்பேட் விரலின் அசைவை உணராமல் வெறும் பொத்தானாக மட்டுமே வேலை செய்தால் சந்தேகியுங்கள். டுவல்சென்ஸ் என்றால், சோனி வெளியிட்டிருக்கும் கணினி மென்பொருளில் இணைத்து அப்டேட் செய்ய முயன்று பாருங்கள். விலை மட்டும் வழமைக்கு மாறாகக் குறைந்திருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. சித்தப்பா கனடாவில் கடையில் நேரடியாக வாங்கினால் இந்தக் கவலை குறையும், ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஆகவே அவரிடம் கொன்ட்ரோலரோடு ஒரு சோடி டி.எம்.ஆர். ஸ்டிக் பகுதிகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கையடக்கமான பொருள், விலையும் அதிகமில்லை. டுவல்சென்ஸில் ஒரு ஸ்டிக்கை மாற்ற 14 இடங்களில் சால்டரை உருக்கி எடுக்க வேண்டும். பிறகு கணினியில் இணைத்து நடுப்புள்ளியைச் சீராக்க வேண்டும். கைபேசிப் பலகையில் கை பழகிய எந்தத் திருத்துநராலும் இது முடியும், வீட்டில் முதல்முறையாக முயல வேண்டாம். கொன்ட்ரோலரைப் பாவிக்காத நேரத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், ஐப்பசி இடிமழையில் வயரைக் கழற்றிவிடுங்கள், விளையாட உட்காருமுன் கையைக் கழுவித் துடையுங்கள். பராமரிப்பு என்று இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

நண்பர்களில் ஒருவர் பப்ஜி மொபைலுக்கும் கொன்ட்ரோலர் வாங்கலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அந்த விளையாட்டு திரைத் தொடுகைக்காகவே அமைந்தது. பொத்தான்களைத் திரைத் தொடுகையாக மாற்றும் செயலிகளைப் போட்டு விளையாடினால் கணக்கே தடைசெய்யப்படலாம்.

ஆகவே என் பரிந்துரை இது. போட்டி பிஎஸ்5 இல் என்றால் சாதாரண டுவல்சென்ஸ் ஒன்று, தகவல் செல்லும் நீள வயர் ஒன்று, உதிரி ஸ்டிக் பகுதி ஒரு சோடி. அதையே வீட்டுக் கணினியிலும் வயரில் இணைத்துப் பழகுங்கள். எட்ஜுக்குக் கொடுக்கும் பணத்தில் இவை எல்லாம் வந்து மீதியும் இருக்கும். போட்டி கணினியில் என்றால் ஹோல் அல்லது டி.எம்.ஆர். ஸ்டிக் கொண்ட நடுத்தர விலைக் கொன்ட்ரோலர் ஒன்றே போதும், சித்தப்பாவுக்குச் செலவும் குறையும். எதுவானாலும் போட்டிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கையில் இருக்க வேண்டும். ஏற்பாட்டாளரின் பதில் வந்ததும் எந்த இயந்திரம் என்று இங்கேயே எழுதுங்கள், தம்பி. கணினி என்றால் அப்போது கிடைக்கும் மொடல்களில் டி-பேட் நன்றாக உள்ளவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.